மழைக்குச் சொந்தக்காரன்

போன வாரம் வரைக்கும் காஞ்சிபுரத்து மழை எனக்குச் சொந்தமாக இருந்தது. சிரிக்காதீர்கள். நான் சொல்வது தண்ணீரை அல்ல, அது யாருக்கு வேண்டும்? மழை வருகிறது என்று சொல்லும் உரிமை. அதைத்தான் என் பெயருக்கு எழுதிக்கொள்ளப் பார்த்தேன்.

நான் தனசேகரன். பெரிய காஞ்சிபுரத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். மனைவி தேவகி பட்டு நெய்கிறவள். எங்கள் தெருவே நெசவுத் தெரு. விடிந்தால் யாராவது பாவு நீட்டியிருப்பார்கள். சேலையின் நீளவாக்கில் ஓடவேண்டிய பட்டு இழைகளைத் தெருவோடு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காயவைப்பதற்குப் பெயர்தான் அது. அதன்மேல் நாலு தூறல் விழுந்தால் போச்சு. அதனால் முதல் துளியைப் பார்க்கிறவர் யாரானாலும் மழை என்று ஒரு குரல் கொடுப்பார். உடனே அத்தனை வீட்டிலிருந்தும் ஆட்கள் ஓடிவந்து சுருட்டிவிடுவார்கள். யாருடைய பாவு என்று பார்ப்பதில்லை.

இதற்கு நான் ஒரு கருவி செய்தேன். மொட்டைமாடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு தகடு. அதில் துளி பட்டால் என் போன் அலறும். காப்புரிமை வாங்கலாமே என்று ஐயம்பேட்டை வக்கீல் ஜோசுவாவிடம் போனேன். அவர் எழுதிக் காட்டியதைப் படித்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. தகடும் இல்லை, போனும் இல்லை. 'மேலிருந்து ஏதேனும் விழுவதை ஏதேனும் ஒரு வழியில் அறிந்து, அதைப் பிறருக்கு ஏதேனும் ஒரு வழியில் தெரிவிக்கும் முறை.' அவ்வளவுதான். வானம், பூமி, நடுவில் நிற்கிற தென்னை மரம் எல்லாம் ஒரே வாக்கியத்தில் அடக்கம். தேங்காய் விழுது, தள்ளி நில்லு என்று சொல்லவேண்டுமானாலும் என்னைக் கேட்டாகவேண்டும். இதுவல்லவோ மூளை என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

காப்புரிமை கிடைக்க வருஷக்கணக்கில் ஆகுமே என்றேன். அதுவரை எதற்குக் காத்திருக்கவேண்டும், மனு போட்ட கையோடு நோட்டீஸ் விட்டால் பாதிப் பேர் பயந்தே வழிக்கு வந்துவிடுவார்கள் என்றார். முதல் நோட்டீஸ் பக்கத்து வீட்டு அம்சவேணிக்குப் போனது. தெருவிலேயே பெரிய தொண்டை அவளுக்குத்தான்.

கோர்ட்டுக்கு இழுப்பார்களா என்று அழுதுகொண்டே அவள் தேவகியிடம் வந்தாள். தேவகி நோட்டீஸை நிதானமாகப் படித்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்கவேண்டும். சட்டம்னா சட்டம்தான், இனிமேல் யாரும் மழையைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்று அவளே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். எனக்கு அவள்மேல் பெரிய மரியாதையே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை தேவகியின் பாவு தெருவில் இருந்தது. கல்யாணச் சேலைக்கு உள்ளது. நான் வக்கீலின் ஏசி அறையில், திரை போட்ட ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த நோட்டீஸ் யாருக்கு என்று யோசித்துக்கொண்டிருந்தேன். போன் அலறியது. பார்த்தீர்களா என் கருவியை என்று வக்கீலிடம் பெருமையாக நீட்டினேன். அப்புறம்தான் பாவு ஞாபகம் வந்தது.

"தேவகி, மழ வருது. பாவ எடு."

"அப்படிங்களா? சொன்னதுக்கு ரொம்ப தேங்க்ஸ்ங்க."

"தேங்க்ஸ் இருக்கட்டும். மொதல்ல எடு."

"நான் ஒருத்தியா எப்படிங்க சுருட்டறது? அஞ்சாறு பேரு வேணும்."

"கூப்புடேன்."

"எதுக்குன்னு கேப்பாங்களே. மழ வருதுன்னு சொல்லணும். அது உங்களுதாச்சே."

"உம்மேல நான் கேஸு போடுவனா?"

"எம்மேல போட மாட்டீங்க. அவங்க அடுத்த ஊட்டுக்கு சொல்லணுமே. அம்சவேணி இங்கதான் நின்னுக்கினு இருக்குது. வாயப் பொத்திக்கினு இருக்குது பாவம்."

ஏசியிலும் எனக்கு வேர்த்தது. பாவு நனைந்தால் அவள் பட்ட பாடு எல்லாம் வீண். அதன்பிறகு நான் எந்த வீட்டில் சாப்பிடுவது?

"சரி, எல்லாரும் சொல்லிக்கட்டும்."

"இன்னிக்கு மட்டுமா?"

"என்னிக்கும்."

"ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், தெருவே கேக்குது. வக்கீல் சாரையும் சொல்லச் சொல்லுங்க. நோட்டீஸு, மனு, ரெண்டும் வாபஸுன்னு."

வக்கீலை இரண்டாம் முறையாகக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே இரண்டும் வாபஸ் என்றார். போனில் தெருவே கைதட்டுவது கேட்டது. பாவைச் சுருட்ட ஓடவேண்டியவர்கள் எதற்கு நின்று கைதட்டுகிறார்கள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஷேர் ஆட்டோவில் இடித்துப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினேன். தெருவில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பாவு நீட்டியது நீட்டியபடி, அழகாகக் காய்ந்துகொண்டிருந்தது. ஒன்றும் புரியாமல் மாடிக்கு ஓடினேன். ஊரில் ஒரு சொட்டு இல்லை. தகடு மட்டும் தெப்பமாக நனைந்திருந்தது. பக்கத்தில் எங்கள் வீட்டுச் சொம்பு.

வக்கீல் வானத்தை ஒரு வாக்கியத்தில் அடக்கினார். இவள் வானத்தையும் வக்கீலையும் சேர்த்து ஒரு சொம்பில் அடக்கிவிட்டாள். கோபம் வரவில்லை, பிரமிப்புதான் வந்தது.

கீழேயிருந்து தேவகி குரல் கொடுத்தாள்.

"உங்க மிஷினு நல்லாத்தான் வேல செய்யுதுங்க. வரும்போது அந்த சொம்ப எடுத்துக்கினு வாங்க, தண்ணி மொள்ளணும்."