நீலத்தாள் சுற்றிய புத்தகம்

“உன் கல்யாணத்துக்கு நான் தந்த புஸ்தகத்தை வாசிச்சியோ?” என்று மேனேஜர் ராமபத்ரன் கேட்டார்.

“ரெண்டு வாட்டி, சார்” என்றார் நல்லசிவம். ஒரு வாட்டி என்று சொல்லியிருந்தாலே போதும். வாய் சும்மா இருந்தால்தானே!

“அதான் உன்கிட்டே ஒரு மாற்றம் தெரியறது. என் வாழ்க்கையையே மாத்தின புஸ்தகமாக்கும் அது. நாளைக்கு என் பிரிவுபசாரத்திலே அதைப் பத்தி நாலு வார்த்தை பேசு. முதலாளியும் வருவார். எனக்கப்புறம் இந்த நாற்காலிக்கு யாருன்னு கேட்டா, கண்ணை மூடிண்டு உன்னைச் சொல்லிடுவேன்.”

மட்டாஞ்சேரியில் சுக்கும் மிளகும் ஏற்றுமதி செய்யும் அந்தக் கம்பெனியில் சேர்ந்த நாள் முதல் நல்லசிவத்துக்கு அந்த நாற்காலி மேல் ஒரு கண். கைப்பிடி உண்டு. தலைக்கு மேல் தனி மின்விசிறி உண்டு. அவர் உட்காரும் பெஞ்சு மிளகு மூட்டைகளை ஒட்டிக் கிடந்தது. வீட்டுக்குப் போன பிறகும் தும்மல் நிற்காது. இப்போது நாற்காலி கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. நடுவில் ஒரு புத்தகம்தான் நின்றது. அதன் பெயர்கூட அவருக்குத் தெரியாது.

தெரியாததில் அதிசயம் ஒன்றும் இல்லை. கல்யாணமோ புது வீட்டுப் பால்காய்ச்சோ, எது வந்தாலும் வாழ்வில் முன்னேறும் வழி சொல்லும் புத்தகம் கொடுப்பதுதான் மரியாதை என்று அங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் அப்போது ஒரு பழக்கம் வந்திருந்தது. பிராட்வே கடைத்தெருவில் அதற்கென்றே ஒரு கடை. “பெரிய மனுஷருக்குக் கொடுக்கிற மாதிரி ஒண்ணு” என்றால் போதும். கடைக்காரரே ஒன்றை எடுத்து, உள்ளே யாருக்கு யார் என்று எழுதி, பளபளக்கும் தாள் சுற்றித் தந்துவிடுவார். கொடுப்பவர் பார்ப்பதில்லை. வாங்குபவர் பிரிப்பதில்லை. மேலே ஒட்டிய பெயர்ச்சீட்டை உரித்துவிட்டால் அடுத்த வீட்டு விசேஷத்துக்கு ஆயிற்று. நல்லசிவமும் அப்படிப் பல பேருக்குக் கொடுத்தவர்தான். ஊரே தாள் பிரிக்காமல் முன்னேறிக்கொண்டிருந்தது.

“அந்த நீலத்தாளா? வெள்ளி நட்சத்திரம் போட்டது?” என்றாள் அவர் மனைவி பாக்கியலக்ஷ்மி. “சரோஜக்கா மக கல்யாணத்துக்குக் கொடுத்தாச்சே! நீங்கதானே கொண்டு போனீங்க.”

“பிரிச்சுப் பார்த்தியா?”

“பிரிச்சா எப்படிங்க கொடுக்கிறது?”

மறுநாள் ஞாயிறு. விடிந்ததும் பக்கத்துத் தெரு சரோஜம்மாவின் வாசலில் நின்றார் நல்லசிவம். உள்ளதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

“அக்கா, அந்தப் புத்தகத்தை வாசிச்சவங்க எல்லாம் எங்கேயோ போயிட்டாங்களாம். ஒரு தடவை பார்த்துட்டுத் தந்துடறேன்.”

சரோஜம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “அட பாவி, இதை அன்னைக்கே சொல்லக்கூடாதா? கும்பளங்கியில பாலையா வீட்டுப் பால்காய்ச்சுக்குக் கொடுத்துட்டேனே! என் மருமகன் வேலை இல்லாம சாயாக்கடையே கதின்னு கிடக்கான். அவனுக்குல்ல அது வேணும்! இரு, செருப்பைப் போட்டுட்டு வர்றேன்.”

“நீங்க எதுக்கு அக்கா?”

“நான் கொடுத்ததை நான்தானே கேக்கணும்?”

கேட்கத்தான் செய்தார். கும்பளங்கியில், மீன் வளர்க்கும் கெட்டு என்ற நீர்நிலையின் கரையில் நின்ற பாலையாவிடம் நல்லசிவம் நயமாகப் பேச்சைத் தொடங்குவதற்குள், “நான் தந்த புத்தகத்தை எடுங்க, அண்ணாச்சி” என்றார்.

பாலையாவுக்கு முகம் சிவந்தது. “கொடுத்ததைத் திருப்பிக் கேக்க வந்தியா, சரோஜா? அப்ப அன்னைக்கு நீ தின்ன கரிமீனையும் கப்பைக்கிழங்கையும் யாரு திருப்பித் தர்றது?”

சமாதானம் செய்யப் போன நல்லசிவம், அது எப்பேர்ப்பட்ட புத்தகம் என்று இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொன்னார். பாலையாவின் கோபம் போய்க் கவலை வந்துவிட்டது. புத்தகம் அவரிடமும் இல்லை. மகளுக்கு டியூஷன் எடுத்த மஞ்சுஷா டீச்சருக்கு ஓணத்துக்குக் கொடுத்தாயிற்று.

“இப்படின்னு தெரிஞ்சா என் மகளுக்கே கொடுத்திருப்பேனே! டீச்சர் ஏற்கெனவே படிச்சவங்க, அவங்களுக்கு எதுக்கு?” என்று அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

டீச்சர் வீடு இருந்த வைட்டிலாவுக்குப் போகும் பஸ்ஸில் சரோஜம்மாவும் பாலையாவும் புத்தகம் முதலில் யாருக்கு என்று சண்டை பிடித்தார்கள். நடுவில் உட்கார்ந்த நல்லசிவம் வழியெல்லாம் வியர்த்தார்.

“நீலத்தாளா?” என்றார் மஞ்சுஷா, மூவரையும் பார்த்து மிரண்டு. “அய்யோ சாரே, இத்தனை நாளும் ஷோகேஸ்லதான் இருந்தது. இப்பத்தான் என் சேட்டன் எடுத்துட்டுப் போனார். மட்டாஞ்சேரியில ஏதோ மிளகுக் கம்பெனி மேனேஜருக்கு ரிட்டயர்மெண்ட் பார்ட்டியாம். சேட்டனோட லாரிதான் அங்கே சரக்கு எடுக்குது.”

“நீங்க வாசிச்சீங்களா, டீச்சர்?”

“ரொம்ப நல்ல புத்தகம்னு எல்லாரும் சொல்றாங்க.”

நல்லசிவம் விழுந்தடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது விழா தொடங்கிவிட்டது. பின்னாலேயே சரோஜம்மாவும் பாலையாவும் நுழைந்து முன் வரிசையில் இடம் பிடித்தார்கள். மேடை மேஜையில், மாலைகளுக்கும் சுவர்க்கடிகாரத்துக்கும் நடுவில், நீலத்தாளும் வெள்ளி நட்சத்திரமுமாக அது உட்கார்ந்திருந்தது. பார்த்ததும் பெற்ற பிள்ளையைக் கண்டது போல இருந்தது நல்லசிவத்துக்கு.

“அடுத்து நம்ம நல்லசிவம் பேசுவார்” என்றார் ராமபத்ரன்.

நல்லசிவம் மைக்கைப் பிடித்தார். “சார் தந்த புத்தகத்தைப் படிச்சுப் படிச்சு அட்டையே கிழிஞ்சு போச்சு” என்று ஆரம்பித்தார். முன் வரிசையில் சரோஜம்மாவின் வாய் பிளந்தது.

“எனக்கு அது மனப்பாடம்” என்று ராமபத்ரன் முதலாளி பக்கம் சாய்ந்து சொன்னார். முதலாளி மெச்சித் தலையாட்டினார்.

அதற்கு மேல் சொல்ல நல்லசிவத்திடம் ஒன்றும் இல்லை. தலைப்பு ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் போதும், அதை வைத்தே ஒப்பேற்றிவிடலாம். நாற்காலி, மின்விசிறி, தும்மல் எல்லாம் ஒரே நொடியில் நினைவுக்கு வந்தன. துணிந்துவிட்டார்.

“நல்ல புத்தகத்தை மூடி வைக்கக் கூடாதுன்னு சார் அடிக்கடி சொல்லுவார். அதோ, அந்த நீலத்தாள்ல இருக்கிறதும் புத்தகம் மாதிரிதான் தெரியுது. எல்லார் முன்னாலும் இப்பவே பிரிச்சுடலாமே!”

ராமபத்ரன் அந்தத் தாளை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். “ஆத்துக்குப் போய்ப் பிரிச்சுக்கலாம், இப்போ என்ன அவசரம்?” என்றார்.

“பிரியுங்க, நாங்களும் பார்க்கிறோம்” என்றார் முதலாளி.

பக்கத்தில் இருந்த ராமபத்ரனின் மனைவி ஜெயலக்ஷ்மி நீலத்தாளைக் கிழித்தார். நல்லசிவம் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். ஜெயலக்ஷ்மியோ அட்டையைக் காட்டாமல் முதல் பக்கத்தைத் திருப்பி, கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, திறந்திருந்த மைக்குக்குப் பக்கத்திலேயே சொன்னார்:

“ஏன்னா, ‘ராமபத்ரன் சாருக்குப் பால்காய்ச்சு வாழ்த்துகளுடன், நல்லசிவம்’னு இதிலே எழுதியிருக்கே! நீங்க பிரிக்காமலேயே இவர் கல்யாணத்துக்கு எடுத்துண்டு போனேளே, அந்தப் புஸ்தகம்னா இது!”