பூதலூரில் இருநூற்று நாற்பது

நான் அனுப்பிய செய்திகளில் ஒன்றே ஒன்றுக்குத்தான் பத்திரிகை வருத்தம் தெரிவித்தது. அதில் இருந்த எண்கள் அத்தனையும் உண்மை. நானே அளந்தவை.

தொண்ணூறுகளின் நடுவில் தஞ்சாவூரில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். தங்கியிருந்தது பூதலூரில், என் அக்கா ஸ்டெல்லா வீட்டில். மஸ்கட்டில் ஓர் அச்சகத்தில் வேலை கிடைத்து, விசாவும் வந்திருந்தது. மூன்று வாரத்துக்குள் மருத்துவப் பரிசோதனையை முடித்து விமானம் ஏற வேண்டும். தடையாக இருந்தது என் சிறுநீர். நூல் மாதிரி வரும், நிற்கும், யோசிக்கும், மறுபடி வரும். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம். பரிசோதனைக் கூடத்தில் குப்பியைக் கையில் கொடுத்தால் என் கதி என்ன என்பதே அப்போது என் ஒரே கவலை.

இரண்டு வருடமாக அதை உடம்புச் சூடு என்று நானே முடிவு செய்து, யாரிடமும் சொல்லாமல் இளநீரும் பார்லித் தண்ணீரும் குடித்துவந்தேன். (குடித்த பார்லித் தண்ணீரில் ஒரு மா நிலத்தில் நடவு செய்திருக்கலாம்.) விசா வந்த பிறகுதான் தஞ்சாவூரில் ஒரு சிறுநீரக டாக்டரிடம் போனேன். மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தவர் கேட்டார்: "எப்பவாச்சும் கவட்டையில அடி பட்டுச்சா?"

பள்ளிக்கூட நாளில் வாய்க்கால் மதகில் சைக்கிள் சறுக்கி, பார் மேல் விழுந்ததைச் சொன்னேன்.

"அங்கதான் தழும்பு விழுந்திருக்கு. மூத்திரப் பாதை வருஷா வருஷம் சுருங்கிக்கிட்டே வந்திருக்கு. இளநி தழும்பைக் கரைக்காது தம்பி. கம்பி விட்டு விரிக்கலாம், இல்ல உள்ள கருவி விட்டுப் பாத்து வெட்டி விடலாம். ரெண்டுலயும் திரும்ப அடைக்க வாய்ப்பு உண்டு. பெரிய ஆபரேஷன் பண்ணா நிக்கும், ஆனா நாளாகும். முதல்ல ஒரு பகல் முழுக்க அளந்து எழுதிட்டு வாங்க. எப்போ, எவ்வளவு, எப்படி வந்துச்சுன்னு."

அளக்க மில்லி கோடு போட்ட பாத்திரம் வேண்டும். பூதலூர் மருந்துக்கடையில் குழந்தைக்குப் பால் கொடுக்கும் பாட்டில் ஒன்று வாங்கினேன். "இன்னும் கல்யாணமே ஆகலையே சார்?" என்றார் கடைக்காரர். பதில் சொல்லாமல் வந்தேன். (அது இன்னொரு தவறு. ஊரில் ஒரு மாதம் வேறு விதமாகப் பேசிக்கொண்டார்கள்.)

டாக்டர் நேரம் கேட்டார், நான் ஊரை எழுதினேன். நிருபன் கை அல்லவா, ஊர்ப்பெயர் இல்லாமல் எழுத வராது. ரயிலுக்குக் கிளம்பும் முன்பே பூதலூர் நான்கு முறை வந்துவிட்டது: 70, 60, 55, 55. பக்கத்தில் 'விட்டு விட்டு' என்று குறிப்பு. பிறகு செய்திக்காகச் சுற்றிய இடங்களில் கும்பகோணம் 80, சுவாமிமலை 50, தஞ்சாவூர் 90.

ஐப்பசி மாதம். தினமும் மாலை கலெக்டர் ஆபீஸில் மழை அளவைக் குறித்துக்கொண்டு, திருச்சி அலுவலகத்துக்கு ஃபேக்ஸ் அனுப்புவது என் வேலை. அன்று மழையென்று சொல்ல ஏதுமில்லை: வல்லம் 3, பாபநாசம் 4, பட்டுக்கோட்டை 11, ஒரத்தநாடு இல்லை. ஒரே நோட்டில் எழுதிய இரண்டு தாள்களையும் கிழித்தேன். ஒன்றை ஃபேக்ஸ் அனுப்ப எஸ்.டி.டி. பூத்தில் கொடுத்தேன், மற்றதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

மறுநாள் காலை அந்தத் தாளைப் பிரித்த டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாள் பூரா பதினெட்டு மில்லிதானா? சிஸ்டர், பெட் காலியா இருக்கா பாருங்க!"

"டாக்டர்..."

"ஒரத்தநாட்டுல சுத்தமா இல்லையா?"

"நான் ஒரத்தநாட்டுக்கே போகலையே டாக்டர்."

சொல்லும்போதே மேஜைமேல் கிடந்த எங்கள் பத்திரிகை கண்ணில் பட்டது. 'பூதலூரில் 240 மி.மீ. கொட்டித் தீர்த்தது.' உதவி ஆசிரியர் பொறுப்பானவர். பூதலூர் நான்கு முறை வந்திருந்ததால் கூட்டிப் போட்டிருந்தார். விட்டு விட்டுப் பெய்ததையும் விடவில்லை. ஒரு மனிதனுக்கு வெட்கக்கேடான அளவு, ஒரு தாலுகாவுக்கு வெள்ளம் என்பது அன்றுதான் தெரிந்தது.

விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. செய்தியை இரண்டு தடவை படித்தார்.

"இந்த எரநூத்தி நாப்பது ஒரே தடவையா?"

"நாலு தடவை டாக்டர். அவங்க கூட்டிட்டாங்க."

"சரி, இதுவே போதும்" என்று கத்தரிக்கோலை எடுத்து, செய்தியை வெட்டி என் கேஸ் ஷீட்டில் ஒட்டினார்.

வீட்டில் அத்தான் காத்திருந்தார். அக்காவின் வீட்டுக்காரர். அவர் நடவு முடித்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. யூரியா வாங்கத் தஞ்சாவூர் போனவர், பேப்பரைப் பார்த்து, பயிர் மூழ்கிவிட்டதென்று வாங்காமலே ஓடிவந்திருக்கிறார்.

"மாப்ளே, எரநூத்தி நாப்பதுன்னு போட்டுருக்கு. வயல்ல ஒரு சொட்டு விழல. எங்க பெஞ்சுது?"

இரண்டு வருடம் மறைத்ததை அந்தக் கேள்விக்காகச் சொல்ல வேண்டியதாயிற்று. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது வேறு காரணத்துக்கு.

"வருத்தம் போடுவாங்கல்ல?" என்றார் அத்தான். "'பெய்தது மழை அல்ல'ன்னு தெளிவா போடச் சொல்லு."

கருவி விட்டு வெட்டிவிட்டார்கள். சில நாள் குழாயோடு கிடந்தேன். பரிசோதனையில் குப்பியை நிரப்பிக் கொடுத்து, விசா முடிய இரண்டு நாள் இருக்க மஸ்கட் போய்ச் சேர்ந்தேன். டாக்டர் சொன்னபடியே ஒரு வருடத்தில் பாதை மறுபடி அடைத்தது. இந்த முறை பார்லி குடிக்கவில்லை. விடுப்பெடுத்து வந்து, கன்னத்தின் உள்தோலை எடுத்து வைத்துப் பாதையைச் சீராக்கும் பெரிய அறுவைசிகிச்சையைச் செய்துகொண்டேன். அதன் பிறகு தொந்தரவில்லை.

அத்தானுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. காது மந்தம். கல்யாண மண்டபமானாலும் சரி, மாதா கோயில் திருவிழாவானாலும் சரி, நான் பாத்ரூமிலிருந்து வெளியே வந்தால் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி கேட்பார்:

"என்ன மாப்ளே, பூதலூர் நிலவரம்?"

"முந்நூறு அத்தான்" என்று நானும் சத்தமாகவே சொல்வேன். "விடாம."