பீரோவுக்குப் பின்னால் ஆசிரியர் அறை

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நீயும் மாமாவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள். இல்லாவிட்டாலும் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை நலமாக இருக்கவும், ஏனென்றால் மாமாவால் ஒரு காரியம் ஆக வேண்டும். கல்வி அலுவலகத்தில் அவர் பேச்சுக்கு மதிப்பு உண்டாமே. எப்படியாவது எனக்கு இங்கிருந்து மாற்றல் வாங்கித் தரச் சொல். பெரியவர்கள் யாராவது வேலை பார்க்கிற பள்ளிக்கூடமாக இருந்தால் போதும்.

இங்கே ஒரே அறை, ஐந்து வகுப்பு, ஒரே வாத்தியார். மூன்றாம் வகுப்புக்குப் பெருக்கல் கொடுத்துவிட்டுத் திரும்பினால் முதல் வகுப்பு சாக்பீஸைத் தின்றுகொண்டிருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டுத் திரும்பினால் ஐந்தாம் வகுப்பு மூன்றாம் வகுப்புக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கிறது. மழை வந்தால் தகரக் கூரை போடுகிற சத்தத்தில் பாடத்தை நடித்துத்தான் காட்ட வேண்டும். போன வாரம் தண்ணீர் ஆவியாவதை நடித்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. பாதிப் பேர் கட்டிட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள், வீட்டில் பேசுவது வேறு மொழி. அதில் ஒருத்தி சேர்ந்த நாளிலிருந்து வாயே திறக்கவில்லை. அவளுக்கு நான் வைத்த பெயர் அமுக்குணி.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை அக்கா. பேச ஆள் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. நாள் முழுக்கக் கத்துகிறேன், ஆனால் யாரோடும் பேசவில்லை. வீட்டில் குக்கர் விசில் அடித்தால் "கையைத் தூக்கிட்டுப் பேசு" என்கிறேன். மனசு கேட்காமல் வகுப்பு பீரோவுக்குப் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டு, அதற்கு ஆசிரியர் அறை என்று பெயர் வைத்துக்கொண்டேன். மற்ற பள்ளிகளில் ஆசிரியர் அறை என்றால் நாலு பேர் சிரிப்பார்கள், ஒருவர் தூங்குவார். இங்கே நானும் சுவரும்தான். மத்தியானம் அதைப் பார்த்தபடி சாப்பிடுகிறேன்.

நேற்று மேலதிகாரி ஆய்வுக்கு வந்தார். எல்லாம் நன்றாகத்தான் போனது. கிளம்பும்போது பிள்ளைகளிடம், "ஏதாவது குறை இருக்கா? பயப்படாம சொல்லுங்க" என்றார். ஐந்தாம் வகுப்பு வாயாடி எழுந்தாள்.

"எங்க சாரை மன்னிச்சிடுங்க சார்."

"எதுக்கும்மா?"

"என்ன தப்பு பண்ணாரோ தெரியலை. தினமும் தனியா சுவத்தைப் பாத்து உக்கார வச்சிருக்கீங்க. பாவம், சாப்பாடுகூட அங்கேயேதான்."

எங்கள் வகுப்பில் சண்டை போட்டால் அதுதான் தண்டனை, சுவரைப் பார்த்துத் தனியாக உட்கார வேண்டும். சட்டம் போட்டவனே நான்தான். அதிகாரி நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜீப் ஏறிவிட்டார்.

மானம் கப்பலேறிவிட்டது அக்கா. ஒரு வார்த்தை சொல்லிச் சிரிக்கக்கூடப் பக்கத்தில் யாரும் இல்லை. சீக்கிரம் ஏதாவது செய்யச் சொல். மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி, சாக்பீஸ் தின்ன விடாதே.

இப்படிக்கு,
சுவருக்கு எதிரே குடியிருக்கும்
உன் தம்பி

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் இன்றைய சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. பீரோவுக்குப் பின்னால் போனால் என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. அதில் அமுக்குணி, தட்டோடு, சுவரைப் பார்த்தபடி. "நீ என்ன தப்பு பண்ணே?" என்றேன். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துச் சொன்னாள்: "தப்பு இல்ல சார். உங்ககூட."

மாமாவிடம் ஒன்றும் சொல்லாதே. சொல்லியிருந்தால், தம்பிக்குப் புத்தி சரியில்லை என்று சொல்லிச் சமாளி. நாளைக்கு என்னோடு உட்காருவது யார் என்று இங்கே இப்போதே அடிதடி. சண்டை போட்டவர்களை இனி எங்கே உட்கார வைப்பது என்றுதான் தெரியவில்லை.