எட்டுக் குதிரையும் ஓர் எலுமிச்சம்பழமும்

காஜா பேராங், மலாக்கா
1943, புரட்டாசி

கார் தந்த கனவானும் என் சம்சாரத்தின் தமையனுமாகிய மச்சான் பொன்னுதுரை அவர்கள் சமுகத்துக்கு, தங்கை புருஷன் சுப்பையன் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உங்கள் தங்கை சந்திரமதியும் மரவள்ளிக்கிழங்கின் தயவில் சுகம். அவ்விடம் ஜாசின் தோட்டத்தில் நீங்களும், இன்னும் மிச்சமிருந்தால் உங்கள் தொப்பையும், சுகமென்று நம்புகிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை உங்கள் தங்கையின் பூப்போட்ட கைலியைக் கட்டிக்கொண்டு எழுதுகிறேன். எனக்கிருக்கிற ஒரே கால்சட்டை ரப்பர் எண்ணெயில் ஊறிக் கொல்லைக் கொடியில் தொங்குகிறது. நாய்கூட அதைச் சுற்றிக்கொண்டுதான் போகிறது. எல்லாம் உங்கள் காருக்காக. பதறவேண்டாம், கார் பத்திரம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தபாலில் போட்டால் கண்டவனும் படிப்பான் என்று ஜாசினுக்கு வருகிற மாட்டு வண்டிக்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

சண்டை முடிந்ததும் இதை டாக்ஸி ஓட்டித்தான் பிழைக்கவேண்டும், வேறு நாதியில்லை, கண்ணைப்போல் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனீர்களே, அதனால் அடிக்கடி என்ஜின் மூடியைத் திறந்து துடைப்பேன். துடைக்கப் போனவன் வாயைப் பிளந்து நின்றுவிடுவேன். எட்டுக் குதிரைச் சக்தி என்கிறார்கள், எட்டும் எங்கே படுத்திருக்கிறதோ தெரியவில்லை. நாலே சிலிண்டர், ஒவ்வொன்றும் பால் டின்னைவிட ஒடிசல். ஒன்று, மூன்று, நாலு, இரண்டு என்ற வரிசையில் நெருப்புப் பிடித்தால்தான் ஓடுமாம். நானும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் எண்ணினேன், வாத்தியார் அடித்துத் துரத்தினார். தண்ணீரைத் தள்ள ஒரு பம்பு கிடையாது மச்சான். சூடேறினால் தண்ணீர் தானாக மேலே போகிறது, ரேடியேட்டரில் காற்று வாங்கிவிட்டுத் தானாகக் கீழே வருகிறது. அதட்ட ஆளில்லை. நம் வீட்டில் அதட்டாமல் நடக்கிற வேலை ஒன்று சொல்லுங்கள். அதன் நோய்களும் எனக்கு அத்துப்படி. மழை தூறினால் பிளக்குக்கு நெருப்புப் பிரித்துக் கொடுக்கிற மூடி நனைந்து நின்றுவிடும், புக்கிட் சீனா மேட்டில் தண்ணீர் கொதிக்கும், பேட்டரி செத்து நாளாகிறது, கை பிரேக் பிடிக்கவே பிடிக்காது. நிறுத்தினால் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடு என்ற உங்கள் உத்தரவை நான் ஒருநாளும் மீறியதில்லை.

இப்படியிருக்க, ஓடுகிற கார்களையெல்லாம் ராணுவம் எடுத்துக்கொள்ளும், ஓடாததை விட்டுவிடும் என்று செய்தி வந்தது. கார் நிற்கிற நம் கொட்டகைக்கு எதிரே, தார்ச் சடக்குக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில்தான் ஜப்பான்காரர்கள் தங்கியிருக்கிறார்கள். ஒளிக்க வழியில்லை. பிள்ளையாரிடம் போய், அப்பனே, அந்த நோய்கள் அத்தனையும் ஒரே நாளில் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். சாமியை மட்டும் நம்பாமல் பிளக்கு மூடியிலும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். உங்கள் தங்கை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அதே கோயிலில், அண்ணன் கார் நோய்நொடியில்லாமல் இருக்கவேண்டும் என்று அர்ச்சனை செய்திருக்கிறாள். காருக்கு என்ன நட்சத்திரம் என்று ஐயர் கேட்டாராம். உங்கள் நட்சத்திரத்தையே கொடுத்துவிட்டாள். வந்தவள் பிளக்கு மூடி ஈரமாயிருக்கிறதே என்று முந்தானையால் துடைத்தும் வைத்துவிட்டாள்.

அதிகாரி வந்தார். கூடவே பண்டார் ஹிலிரில் துணி விற்ற நம் கலியாணசுந்தரம், இப்போது ஜப்பான்காரர் பேச்சைத் தமிழாக்குகிற துபாஷி. காரின் முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுற்றச் சொன்னார்கள். நானும் இருமலை எதிர்பார்த்துச் சுற்றினேன். ஒரே சுற்று மச்சான். கச்சேரிபோல் எடுத்தது. சமாதான காலத்தில் நீங்கள் வேர்க்க வேர்க்கச் சுற்றி, நாலு தலைமுறையைத் திட்டினாலும் எழுந்திருக்காத கார்.

"இது நோயாளி வண்டின்னு ஐயாகிட்ட சொல்லுய்யா," என்றேன்.

"அண்ணே, அது பாடுது. நான் என்னத்தைச் சொல்ல," என்றார் கலியாணசுந்தரம்.

அதிகாரி தானே ஏறி உட்கார்ந்து பத்து பெரெண்டாம் ஊர்ப்பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். ஆனால் ஒன்று. இப்போது பெட்ரோல் ஏது? ரப்பரைக் காய்ச்சி இறக்கின எண்ணெயில்தான் ஓடுகிறோம். கிளப்பும்போது சின்னப் புட்டியிலிருந்து பெட்ரோல் கொடுத்து, சூடேறியதும் குழாயைத் திருப்பி ரப்பர் எண்ணெய் விடவேண்டும். நிறுத்துவதற்கு முன்னால் மறுபடி பெட்ரோலுக்குத் திருப்பி, சாப்பிட்டதும் வாய் கொப்பளிப்பதுபோல் கொஞ்சம் குடிக்க வைக்கவேண்டும். இல்லாவிட்டால் ஆறினதும் பலாப்பால் பட்ட விரல்போல் வால்வு ஒட்டிக்கொள்ளும். கிளம்புமுன், ரப்பர் எண்ணெய்க்குத் திருப்புவது வரைக்கும் நான் சொல்லிக் கொடுத்தேன். அதற்குமேல் அதிகாரி கேட்கவில்லை. பெரியவர்கள் கேட்காமல் நாம் சொல்வது மரியாதையா? கலியாணசுந்தரம் குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் கார் திரும்பி வந்தது, மாடு கட்டி. அதிகாரி வெகுநேரம் பேசினார். கலியாணசுந்தரம் சுருக்கிச் சொன்னார்: "செத்த வண்டியாம். நீங்களே வெச்சிக்கணுமாம்." அதிகாரிக்கு நான் குனிந்த குனியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. புருஷன் கேட்டதையும் பெண்சாதி கேட்டதையும் ஒரே நாளில் கொடுத்த சாமியை வேறெங்கே பார்க்கமுடியும்? அப்புறம் என்ஜினின் மேல்மூடியைக் கழற்றி, மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, ஒவ்வொரு வால்வாகச் சுரண்டி விடுவித்துப் பூட்டிவிட்டேன். கால்சட்டை போனது அதில்தான். ஊருக்கு அது பிணம், நமக்குத் தூங்குகிற பிள்ளை. சண்டை முடிந்ததும் வந்து எழுப்பிக்கொள்ளுங்கள். அதுவரை ஒருவரும் தொடப்போவதில்லை, நான் உட்பட.

பிள்ளையாரும் அந்த எட்டுக் குதிரைகளும் உங்களைக் காக்க. உங்கள் தங்கை அண்ணனுக்கு நமஸ்காரம் சொல்லச் சொன்னாள், கைலியைக் கிழிக்காமல் திருப்பித் தரும்படி எனக்கும் சொன்னாள்.

இப்படிக்கு,
காருக்குக் காவல் நிற்கும்
சுப்பையன்

பின்குறிப்பு: வண்டிக்காரர் வரத் தாமதம். சும்மா இருப்பானேன், வால்வு சரியாக விட்டதா என்று ஒரே ஒரு சுற்றுச் சுற்றிக் காதில் கேட்டுவிடலாம் என்று கொட்டகைக்குப் போனேன். கார் தப்பியதற்குச் சந்திரமதி பூசை போட்டிருந்தாள். சந்தனம், குங்குமம் எல்லாம் லட்சணமாக இருந்தது. பூசை போட்ட சக்கரத்துக்குக் கல் லட்சணமாக இல்லையென்று அதை எடுத்துவிட்டு எலுமிச்சம்பழம் வைத்திருந்தாள். நான் கீழே பார்க்கவில்லை. கார் கியரில் கிடந்ததையும் பார்க்கவில்லை. ஒரே சுற்றில் எடுத்தது. நான் லோங்காங் சாக்கடையில் விழுந்தேன். கார் சடக்கைத் தாண்டிப் பள்ளிக்கூட வாசலுக்குள் போயிற்று. காவலுக்கு நின்றவன் ஒதுங்கி வழி விட்டான். கொடிக்கம்பத்தில் முட்டி நின்றது. கலியாணசுந்தரம் வேலியோரம் வந்து, "அண்ணே, பொணம் நடந்து வந்திருக்கு, ஐயா கூப்பிடுறாரு," என்கிறார். கால்சட்டை இன்னும் காயவில்லை, கைலியோடுதான் போகிறேன். எலுமிச்சம்பழம் முறைப்படி நசுங்கியிருக்கிறது.