லோடு இறங்கும் இடம்

வாழைப்பழத்தைப் பாதி கடித்த மாமனார், நடுவிலிருந்து வெள்ளையாக எதையோ எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"மாப்ள, பழத்துல கொட்டை இருக்கு."

"அது... விதையா இருக்கும் மாமா."

"விதை மேல கம்பெனி பேரு போட்டிருக்கே?"

உருண்டை சாருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆய்வுக்கூடத்தில் அவருக்கு அதுதான் பெயர். பால் புரதத்திலும் பாலிமரிலும் மைசெல் என்னும் கண்ணுக்குத் தெரியாத உருண்டை செய்து, அதற்குள் மருந்தை ஒளித்து, நோயுள்ள இடத்துக்குப் பத்திரமாக அனுப்பும் வேலை. பன்னிரண்டு வருட உழைப்பு. அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு ரத்த அழுத்த மாத்திரையை மாமனார் வயிற்றுக்குள் அனுப்பத் துப்பில்லை.

மனைவி அலுவலகப் பயிற்சிக்காகப் பத்து நாள் வெளியூர் போயிருந்தாள். அவள் முறைத்தாலே அப்பா விழுங்கிவிடுவார். அவள் கிளம்பியதுமே, "எனக்கு ஒண்ணுமில்ல, மாத்திரை வேணாம்" என்று வாயை மூடிக்கொண்டார். காலை நடையை மட்டும் விடவில்லை. மாத்திரையை நிறுத்தினால் பக்கவாதம்கூட வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"செல்லுக்குள்ள மருந்து அனுப்புறீங்க, எங்கப்பா வாய்க்குள்ள அனுப்ப முடியலையா?" என்றாள் மனைவி போனில்.

மறுநாள் தயிரில் பொடித்துக் கலந்தார். மாமனார் ஒரு கரண்டியோடு நிறுத்தினார்.

"மாடு என்னத்தையோ தின்னிருக்கு மாப்ள."

பழமும் போச்சு, தயிரும் போச்சு. மூன்றாம் நாள் தண்ணீரைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.

இனி தொழிலைக் காட்டிவிட வேண்டியதுதான். நான்காம் நாள் பாலைத் திரியவைத்து, அதற்குள் மாத்திரையைப் பொதிந்து, மேலே தேன் பூசி நீட்டினார்.

"இது என்ன புதுசா?"

பொய் சொல்ல வராத மனுஷன், மாட்டிக்கொண்டார். எதிரே உட்கார்ந்து, காகிதத்தில் வட்டம் போட்டு, வெளியே தண்ணீரோடு ஒத்துப்போகிற தோல், உள்ளே தண்ணீர் என்றாலே ஆகாத மருந்து என்று ஆதியோடந்தமாக விளக்கினார். மாமனார் முப்பது வருடம் லாரி ஓட்டியவர்.

"வண்டி சரி. லோடை எங்க இறக்கணும்னு அதுக்கு யாரு சொல்றது?"

"அங்கதான் மாமா விஷயமே இருக்கு!"

அன்று ஆய்வுக்கூடத்துக்கு இரண்டு மணி நேரம் தாமதம். கல்யாணமாகி ஆறு வருடத்தில் "சாப்டீங்களா மாமா", "ஆச்சு மாப்ள" என்பதற்கு மேல் இருவரும் பேசியதே இல்லை என்பது பஸ்ஸில் நிற்கும்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு தினமும் இதே கதை. "நேத்து தேன் ஜாஸ்தி மாப்ள. அந்த வட்டத்தை இன்னொரு தடவை போடுங்க." வட்டம் போட்டு முடித்த பிறகுதான் உருண்டை வாய்க்குள் போகும்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் மாமனாருக்கு வீட்டு மெஷினில் ரத்த அழுத்தம் பார்த்தார். இருபது வயசுப் பையனுக்கு இருப்பதுபோல் இருந்தது. உருண்டை சார் போனில் குதித்தார். "வேலை செய்யுதுடி! என் வண்டி போய்ச் சேர்ந்துடுச்சு!"

போனை வைத்தபோது ஓர் எறும்பு வரிசை கண்ணில் பட்டது. நேராக மாமனாரின் மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. திறந்தார். ஆறு நாள், ஆறு உருண்டை.

அப்படியானால் மெஷின்தான் பொய் சொல்கிறது! அதைத் தூக்கிக்கொண்டு, அதை வாங்கிய தெருமுனை மருந்துக்கடைக்கு ஓடினார். கடைக்கார அம்மா தன் கையிலேயே மாட்டிப் பார்த்தாள்.

"மெஷின் நல்லாத்தானே இருக்கு?"

"எப்படிம்மா? ஒரு மாத்திரைகூட உள்ள போகல! மாமாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?" அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த அம்மா மேசை இழுப்பறையிலிருந்து பாதி தீர்ந்த மாத்திரை அட்டையை எடுத்து வைத்தாள்.

"சொல்லக்கூடாதுன்னாரு சார். தினமும் நடக்க வரும்போது இங்கேயே தண்ணி வாங்கிப் போட்டுக்கிறாரு. ஒருநாள்கூடத் தவறல."

"பின்ன எதுக்கு என்னை இந்தப் பாடு படுத்தினாரு?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'அந்த உருண்டை வெறும் வண்டிதாம்மா, அதுல வந்து இறங்குற லோடு எங்க மாப்பிள்ளை'ன்னாரு."