கலண்டர் பார்த்துக் கட்டிய வீடு

நான் வாழ்க்கையில் ஒரேயொரு வீடுதான் கட்டினேன். அதற்குள்ளிருந்து முதலில் ஓடியவனும் நான்தான்.

அது என் வீடுகூட இல்லை. தங்கை பாக்கியத்துக்குச் சீதனமாகக் கொடுக்க வேண்டிய வீடு. எங்கள் ஐயா காலமாகிவிட்டதால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் அந்தப் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. உடுவிலிலிருந்து நல்ல சம்பந்தம். மாப்பிள்ளை அரசாங்கக் கிளாக்கர். அவருடைய தகப்பன் சின்னத்தம்பியர் கேட்டது ஒன்றைத்தான். வீடு புதுமோடியாக இருக்க வேண்டும்.

புதுமோடி என்றால் அன்று எனக்குத் தட்டைக் கூரை. (ஓட்டு வீட்டில் இருப்பவர்களைக் கண்டால் எனக்குப் பாவமாக இருந்தது. நானும் ஓட்டு வீட்டில்தான் இருந்தேன்.) பட்டினத்தில் சீமெந்துக் கடையொன்றில் தொங்கிய கலண்டரில் அப்படியொரு வீட்டின் படம் இருந்தது. கடைக்காரரைக் கெஞ்சி அந்தத் தாளைக் கிழித்து வாங்கி வந்தேன். அதுவே என் வரைபடம், அதுவே என் இன்ஜினியர்.

கையைக் கடிக்காமல் கட்ட வேண்டும். கல்லை எங்கள் வளவு நிலத்திலேயே கிண்டினோம். இன்னும் எதில் மிச்சம் பிடிக்கலாம் என்று யோசித்து, நீண்ட நடு அறைக்குக் குறுக்கே கூரையைத் தாங்கும் கொங்கிறீற் வளை தேவையில்லை என்று தீர்மானித்தேன். ஏனென்றால் படத்தில் வளை இல்லை. படம் வீட்டின் வெளிப்பக்கத்தைத்தான் காட்டுகிறது என்பது என் மூளைக்கு எட்டவில்லை.

வேலுப்பிள்ளை மேசன் இணுவிலில் எத்தனையோ வீடு கட்டியவர். ஆனால் தட்டைக் கூரை அவருக்கும் இதுதான் முதல். கலண்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தம்பி, பனை எண்டால் வளைஞ்சு காட்டும். ஓடு எண்டால் விலகிக் காட்டும். உது ஒண்டும் காட்டாது. விழும்.”

விஞ்ஞானம் அறியாத மனிதர் என்று நினைத்துச் சிரித்தேன். அடிப்பலகைகளுக்கு ஒன்பது பனங்குற்றிகளை முட்டுக் கொடுத்து, மேலே கொங்கிறீற் போட்டு, நாட்கணக்காகத் தண்ணீர் ஊற்றினோம். ஊற்றிய தண்ணீரில் என் விஞ்ஞானமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. ஆனால் அதற்கு முன்பே, முட்டுக் கழற்றும் நாளில் வந்து பாருங்கள் என்று சின்னத்தம்பியரையும் மனைவியையும் வீறாப்பாக அழைத்திருந்தேன்.

நல்ல நேரம் பார்த்து வந்தார்கள். முற்றத்தில் பாய் விரித்து, வெற்றிலைத் தட்டம் வைத்து இருத்தினோம். மேசன் சுத்தியலோடு வாசலில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “படம் கொண்டந்தவர் உள்ளுக்கை நிக்கவேணும். இல்லாட்டில் நான் கை வைக்கமாட்டன்.”

போனேன். வேறு வழி? எந்தக் குற்றியை முதலில் எடுப்பது என்று என்னிடம் கேட்டார். கலண்டரில் அது இல்லை. ஓரத்தைக் காட்டினேன். ஒரு அடி, குற்றி சரியும், தூசி கொட்டும், இரண்டு பேரும் அண்ணாந்து பார்ப்போம். மூச்சை இழுத்து விட்டால் கூரைக்கு அதிர்ச்சியாகிவிடுமோ என்று அதையும் அளவாக விட்டேன். எட்டுக் குற்றிகள் போயின. நடுவில் ஒன்று மிஞ்சியது.

இது விழுந்தால் பாக்கியத்தின் கலியாணமும் விழும். இன்னொரு வீட்டுக்கு எங்களிடம் வளவும் இல்லை, வகையும் இல்லை. சத்தியமாக அதைத்தான் நினைத்தேன், அழுகையே வந்தது. கால்கள் மட்டும் வேறு எதையோ நினைத்திருக்கின்றன. மேசன் ஓங்கி அடித்தார். ‘படீர்’ என்றது.

அடுத்து எனக்கு நினைவிருப்பது பக்கத்து வளவுக் கிணற்றடி. கண்டவர்கள் சொன்னபடி, நான் சின்னத்தம்பியரைத் தாண்டி, வெற்றிலைத் தட்டத்தை உதைத்து, தென்னோலைக் கிடுகு வேலியைப் பிய்த்துக்கொண்டு போயிருக்கிறேன். (வேலியின் படலைக் கதவு ஆறடி தள்ளித் திறந்தே கிடந்தது.)

தலையில் கிடுகோடு திரும்பி வந்தேன். கூரை அப்படியே இருந்தது. மேசன் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. பலகை ஒன்று வெடித்ததாம்.

சின்னத்தம்பியர் சால்வையில் ஒட்டிய பாக்குச் சீவலைத் தட்டிக்கொண்டு எழும்பினார். “கட்டின ஆளே நிக்கேல்லை. என்ரை பிள்ளையை எப்பிடி உதுக்குள்ளை படுக்க விடுறது?”

அவர் குடையைத் தேடினார்.

அப்போது குசினிப் பக்கமிருந்து பாக்கியம் ஒரு பாயோடு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேரே உள்ளே போய், நடுக்குற்றி நின்ற இடத்தில் விரித்து அதன்மேல் இருந்தாள்.

“எனக்குத் தந்த வீடு. நான் இருக்கிறன்.”

மேலிருந்து சீமெந்துத் துண்டொன்று அவள் தோளில் விழுந்தது. தட்டிவிட்டாள். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. ஓடிப்போய் அவளை வெளியே இழுத்துவிடலாமா என்றும் இருந்தது.

சின்னத்தம்பியரின் மனைவி எழும்பினார். உள்ளே போய், ஒருதரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, பாக்கியத்துக்குப் பக்கத்தில் இருந்தார். பிறகு கணவரைக் கூப்பிட்டார்.

“இஞ்சருங்கோ, இஞ்சை நல்ல குளிர்மையாய்க் கிடக்கு. வாங்கோவன்.”

அவர் குடையோடேயே உள்ளே போனார். கலியாணத்துக்குச் சம்மதித்தார், ஆனால் முதல் மாரி முழுக்கப் பெண்ணின் தமையன் அந்த அறையில் படுக்க வேண்டும் என்றார். படுத்தேன். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. நான்தான் ஒரு நாளும் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை.

கூரை இன்றைக்கும் நிற்கிறது. நான் போனால் தங்கையின் பிள்ளைகள் ஒரு கதிரையைத் தூக்கி வந்து வாசற்படியோடு போடுகிறார்கள். “மாமாவுக்கு ஓட வசதியாய் இருக்கும்.” சொல்லிக் கொடுத்தவள் பாக்கியம். நானும் மறுப்பதில்லை, கதிரையை இன்னும் அரையடி வெளியே இழுத்துப் போட்டு அதில் இருக்கிறேன்.