மாமியின் தலையில் ஒரு நீர்வீழ்ச்சி

எங்கள் குடும்பத்தில் பிழையே விடாத ஒரே ஆள் சறாங் மாமாதான். இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

முப்பது வருடம் திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். அந்தப் படகின் தலைவருக்குச் சறாங் என்று பெயர். ஓய்வு பெற்றபோது படகை அங்கே விட்டுவிட்டுப் பெயரை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். என் அப்பாவின் தங்கையைக் கட்டியவர் என்பதால் எனக்கு மாமா. எங்கள் லிங்கநகரில் யார் வீட்டில் அலுமாரி இடம் மாறினாலும், அழைக்காமலே கயிற்றோடு வந்து நிற்பார். ஒருமுறை பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளையின் காரைக் குறுகிய ஒழுங்கைக்குள் பின்பக்கமாக எடுக்க வழிகாட்டினார். காரில் ஒரு கீறல்கூட விழவில்லை. முகூர்த்தம்தான் தவறிவிட்டது. கரைக்கும் சேதமில்லை, கப்பலுக்கும் சேதமில்லை, பிறகென்ன என்று பெண்ணின் தகப்பனாரிடம் கேட்டார்.

போன தை மாதம் மாமியின் முழங்கால் விஷயம் வந்தது. சத்திரசிகிச்சைக்கு மாசியில் நாள் குறித்த டொக்டர், அதற்குப் பிறகு மலையேறும் கதையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மாமி அதுவரை எந்த மலையும் ஏறியதில்லை. இருந்தாலும் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தவர், தலையில் ஒரு நீர்வீழ்ச்சி விழ நிற்கவேண்டும் என்று கல்யாணம் கட்டிய நாள் முதல் ஆசை என்றார். நாற்பத்தொரு வருடமாக அதை ஏன் சொல்லவில்லை என்று மாமா கேட்டார்.

"நீங்கள் கேக்கேல்லையே" என்றார் மாமி.

அடுத்த ஞாயிறே வாடகைக்கு ஒரு வான் பிடித்தாயிற்று. மாமா, மாமி, நான், என் மனைவி, எங்கள் இரண்டு பெண்பிள்ளைகள். மலைநாட்டில் ஒரு வனப் பூங்கா. திருகோணமலையில் அப்போது ஒரு மாதமாக மழை. கிணறுகளில் கையால் தண்ணீர் அள்ளலாம். மலையிலும் மழைதான் என்று முடிவு செய்த மாமா, எல்லோரும் நனையாமல் இருக்க ஒரு பெரிய தார்ப்பாய்ப் படங்கையும் மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். பூங்கா வாசலில் நின்ற காவலர், இந்தப் பக்கத்துக்கு ஆடியில்தான் மழை, தையில் மேலே ஒன்றும் இருக்காது என்று சிங்களத்தில் சொன்னார். எங்கள் ஊரில் மழை கொட்டுகிறது என்று மாமா அவருக்கு விளக்கினார். காவலர் வானத்தைப் பார்த்தார். வெயில் அடித்தது. பிறகு வழியை விட்டார்.

ஏற்றம் தொடங்கும் இடத்தில் மாமா கயிற்றை எடுத்து மாமியின் இடுப்பில் கட்டினார். ஒரு முனையைத் தான் பிடித்து முன்னால் நடந்தார். மறுமுனையை என்னிடம் தந்து பின்னால் வரச் சொன்னார். பெரிய கப்பலென்றால் முன்னுக்கு ஒரு இழுவை, பின்னுக்கு ஒரு இழுவை, அதுதான் முறையாம்.

"நான் என்ன கப்பலே?" என்றார் மாமி.

"எஞ்சின் பழுதான கப்பல்" என்றார் மாமா. அவர் பகிடி விடவில்லை. பகிடி விடும் பழக்கம் அவருக்கு இல்லை.

எதிரே வந்தவர்களையெல்லாம், கடலில் கப்பல்கள் விலகும் முறைப்படி, தன் இடப்பக்கமாக விலகிப் போகும்படி கைகாட்டினார். ஒரு பாடசாலைப் பிள்ளைகள் கூட்டம் முழுவதும் வரிசையாக அப்படியே போனது. ஒரு மணித்தியாலப் பாதையை மூன்று மணித்தியாலத்தில் முடித்தோம்.

மேலே போய்ப் பார்த்தால் பெரிய கறுத்த பாறை. அதில் ஐந்தாறு இடத்தில் ஈரம் கசிந்தது. அவ்வளவுதான். நீர்வீழ்ச்சி ஆடிக்குத்தான் வரும்.

மாமி ஒரு கல்லில் மெல்ல அமர்ந்து முழங்காலைத் தடவினார். "வடிவான கல்லு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பிழை என்ர" என்றார் மாமா. அந்தச் சொற்களை அவர் வாயில் நான் அன்றுதான் கேட்டேன்.

பிறகு பாறையை மேலும் கீழும் பார்த்தார். என்னை இழுத்துக்கொண்டு, பக்கத்துப் படிகளில் ஏறி, ஓர் ஆள் உயரத்தில் இருந்த தட்டில் நின்றார். கசிவுகளின் கீழே படங்கை விரித்தோம். ஓரங்களுக்குக் கல் வைத்தோம். முன் விளிம்பை மடித்து, இரண்டு கையாலும் வெளியே நீட்டிப் பிடித்தார். ஐந்தாறு கசிவும் மெல்ல மெல்ல ஒன்றாகச் சேர்ந்து, குசினிக் குழாயைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கீழே விழத் தொடங்கின.

"இப்ப வாரும்" என்று கூப்பிட்டார்.

அவர் நின்ற இடத்திலிருந்து மாமி தெரியாது. எட்டிப் பார்த்தால் படங்கு சரிந்துவிடும்.

"விழுதோ?"

"விழுது."

"தலையிலயோ?"

"ஓம், தலையிலதான்."

அரை மணித்தியாலம் போயிற்று. நான் பிடிக்கிறேன் என்றேன். நான் அசைப்பேனாம். கீழே இறங்கிப் பார்த்தால் மாமியின் பற்கள் குளிரில் அடித்துக்கொண்டன. என் மனைவி துவாயோடு நின்று வரச்சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"அவர் பிடிச்சுக்கொண்டெல்லோ நிக்கிறார்" என்றார் மாமி.

மேலே ஏறிப் போய், போதும், விடுங்கள் மாமா என்றேன்.

"அவ இன்னும் நிக்கிறாவெல்லே" என்றார்.

கடைசியில் இரண்டு பக்கமும் பொய் சொல்லித்தான் அவர்களைப் பிரித்தேன். மாமி கரையேறிவிட்டார் என்று மேலே சொன்னேன். மாமா கையை எடுத்துவிட்டார் என்று கீழே சொன்னேன்.

சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மாமி இப்போது சந்தைக்கு நடந்தே போய் வருகிறார். வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் தாங்கள் பார்த்த பெரிய பெரிய நீர்வீழ்ச்சிகளைப் போனில் காட்டுவார்கள். மாமி மரியாதைக்கு முழுவதையும் பார்ப்பார். பிறகு போனைத் திருப்பிக் கொடுப்பார்.

"உது தன்ரபாட்டில விழுது, பிள்ளை" என்பார். "ஒருத்தரும் பிடிச்சுக்கொண்டு நிக்கேல்லை."